ஜனாதிபதியின் கையைக் கட்டிய 51 நாட்கள்

2018 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை இரவு இலங்கைக்கு இரண்டு பிரதமர்கள் இருந்தார்கள். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் முன்னால் மஹிந்த ராஜபக்ச பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. அதே கொழும்பில், பிரதமரின் அதிகாரபூர்வ இல்லமான அலரி மாளிகையை விட்டு அசைய மறுத்த ரணில் விக்கிரமசிங்க, தானே பிரதமர் என்றார். பெரும்பான்மை யாரிடம் இருக்கிறது என்று பார்க்க நாடாளுமன்றத்தைக் கூட்டுங்கள் என்றும் கேட்டார். மறுநாளே நாடாளுமன்றத்தை நவம்பர் 16 வரை ஜனாதிபதி முடக்கிவைத்தார். தலைகளை எண்ண வேண்டிய இடத்துக்குப் பூட்டு விழுந்தது.

அதிலிருந்து 51ஆவது நாள், டிசம்பர் 16 அன்று, அதே சிறிசேன அதே ரணிலுக்கு மீண்டும் பிரதமர் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். 225 உறுப்பினர்களும் சேர்ந்து கேட்டாலும் இவரை நியமிக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தவர் அவர். இராணுவம் தெருவுக்கு வரவில்லை. வெளிநாட்டுப் படையும் வரவில்லை. முப்படைகளின் தளபதியான ஜனாதிபதியைச் சில சட்டப் பிரிவுகளும், ஒரு சபாநாயகரும், ஏழு நீதிபதிகளும் பணிய வைத்தார்கள். அது எப்படி நடந்தது, அதே சட்டம் வேறு சமயங்களில் ஏன் கைவிட்டது என்பதைப் பார்த்தால், ஒரு நாட்டின் உச்ச பதவிக்கு வேலி எப்படிப் போடப்படுகிறது என்பது விளங்கும்.

ஜே.ஆர். செய்த நாற்காலி

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முதலில் ஒரு விளக்கம் தேவை. இந்தியக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி கையெழுத்திடுபவர். இலங்கை ஜனாதிபதி அப்படிப்பட்டவர் அல்லர். நாட்டின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், அமைச்சரவையின் தலைவர், படைகளின் தளபதி எல்லாம் அவரே. மக்கள் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த நாற்காலியைச் செய்தவர் ஜே.ஆர். ஜெயவர்தன. 1977 ஜூலைத் தேர்தலில் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. ஆறில் ஐந்து பங்கு பலம் கையில் இருந்ததால் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள முடிந்தது. 1978 பிப்ரவரி 4 அன்று அவர் நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதல் ஜனாதிபதி ஆனார். புதிய அரசியலமைப்பு அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. பதவியில் இருக்கும் ஜனாதிபதி மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது என்றது அதன் 35ஆவது பிரிவு. நாடாளுமன்றம் தேர்வாகி ஓராண்டு கழிந்ததும் அதைக் கலைக்கலாம். பிரதமரை ஒரு கடிதத்தில் நீக்கலாம்.

எழுதிய சட்டம் போதாதென்று 1982இல் ஜே.ஆர். தன் கட்சி எம்.பி.க்களிடமிருந்து தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடத்தினார். பொதுத்தேர்தல் வைக்காமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு ஆண்டுகள் நீட்டலாமா என்பதே கேள்வி. ஆம் என்றால் விளக்குச் சின்னம், இல்லை என்றால் குடம். அவசரகால நிலை நடைமுறையில் இருந்தபோது நடந்த அந்த வாக்கெடுப்பில் 54.66 விழுக்காட்டுடன் விளக்கு வென்றது. ஆறில் ஐந்து பங்கு பலம் தேர்தல் இல்லாமலேயே தொடர்ந்தது.

நீட்டப்பட்ட அந்தச் சபையைத் தமிழர் விடுதலைக் கூட்டணி புறக்கணித்தது. 1983 ஜூலை கலவரத்துக்குப் பின் வந்த ஆறாவது திருத்தம், பிரிவினைக்கு எதிராக எம்.பி.க்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. கூட்டணியினர் அதற்கும் மறுத்தனர், ஆசனங்களை இழந்தனர். 1977இல் திருகோணமலையிலிருந்து முதன்முறை தேர்வான இராஜவரோதயம் சம்பந்தன் அவர்களில் ஒருவர். 35 ஆண்டுகள் கழித்து இந்தக் கதைக்குள் அவர் மறுபடி வருவார்.

கலைத்தவர்களும் முடக்கியவர்களும்

ஜே.ஆருக்குப் பின் வந்தவர்கள் அந்த அதிகாரங்களைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை.

1991இல் ஜனாதிபதி பிரேமதாசவைப் பதவி நீக்க அவருடைய கட்சிக்காரர்களான லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் எதிர்க்கட்சியுடன் சேர்ந்து கையெழுத்துத் திரட்டினார்கள். பிரேமதாச உடனே நாடாளுமன்றத்தை முடக்கினார். கிடைத்த இடைவெளியில் கையெழுத்திட்டவர்களில் பலர் பின்வாங்கினார்கள். போதுமான ஆதரவு இல்லை என்று சபாநாயகர் தீர்மானத்தை நிராகரித்தார். இந்த வழி இன்றும் மிகக் கடினமானதுதான். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவில் தீர்மானம் நிறைவேற வேண்டும், உச்ச நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் உண்டு என்று சொல்ல வேண்டும், பிறகு மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இலங்கையில் எந்த ஜனாதிபதியும் இந்த வழியில் பதவி இழந்ததில்லை.

2003 நவம்பரில் அன்றைய பிரதமர் ரணில் வாஷிங்டனில் இருந்தபோது, ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பாதுகாப்பு, உள்நாட்டு விவகாரம், ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 2004 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தையே கலைத்தார். மக்கள் அதைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகளும் சில வாரங்களும்தான் ஆகியிருந்தன. அரசியலமைப்பு அதை அனுமதித்தது, யாரும் தடுக்க முடியவில்லை.

மஹிந்த ராஜபக்ச காலத்தில் நாற்காலி இன்னும் அகலமானது. 2010 செப்டம்பரில் நிறைவேறிய 18ஆவது திருத்தம், ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பை எடுத்தது. நீதிபதிகள், தேர்தல் ஆணையம், காவல் துறைத் தலைமை போன்ற நியமனங்களைக் கண்காணிக்க 2001இல் 17ஆவது திருத்தம் உருவாக்கிய அரசியலமைப்புப் பேரவையும் போனது. 2013 ஜனவரியில், அரசு கொண்டுவந்த திவிநெகும மசோதாவுக்கு முட்டுக்கட்டை போட்ட தீர்ப்புகளைத் தொடர்ந்து, தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார்.

தானே போட்ட பூட்டு

ராஜபக்சவை 2015 ஜனவரி 8 தேர்தலில் தோற்கடித்த சிறிசேன, ஜனாதிபதி அதிகாரங்களைக் குறைப்பேன் என்று வாக்களித்து வந்தவர். அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று 19ஆவது திருத்தத்துக்கு 215 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்தவர் ஒருவர் மட்டுமே.

அந்தத் திருத்தம் பதவிக்காலத்தை ஆறிலிருந்து ஐந்து ஆண்டாகக் குறைத்தது. இரண்டு முறை வரம்பையும் அரசியலமைப்புப் பேரவையையும் திரும்பக் கொண்டுவந்தது. பிரதமரை நீக்கும் அதிகாரம் பற்றிய வாசகம் சட்டத்திலிருந்து மறைந்தது. நாடாளுமன்றம் கூடியதிலிருந்து நான்கரை ஆண்டுகள் முடியும் வரை, அந்தச் சபையே மூன்றில் இரண்டு பங்கு பலத்தோடு கேட்டால் ஒழிய, ஜனாதிபதி அதைக் கலைக்க முடியாது என்றும் ஆனது. 2004இன் நினைவு அந்தப் பிரிவில் இருந்தது.

இவற்றைவிடக் குறைவாகப் பேசப்பட்ட ஒரு மாற்றமும் இருந்தது. 35ஆவது பிரிவின் காப்பு அப்படியே நிற்க, ஜனாதிபதி பதவி முறையில் செய்த செயல் ஒருவரின் அடிப்படை உரிமையை மீறினால், சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போகலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். 37 ஆண்டுகள் மூடியிருந்த கதவு அது.

இந்தப் பூட்டு தனக்கும் பொருந்தும் என்பது சிறிசேனவுக்குத் தெரியாமல் இல்லை. ஆறு ஆண்டுக்காகத் தேர்வான தான் ஆறு ஆண்டும் இருக்க முடியுமா என்று 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திடம் அவரே கருத்துக் கேட்டார். ஐந்துதான் என்றது நீதிமன்றம்.

மிளகாய்த்தூள் பறந்த சபை

அக்டோபர் 26க்குப் பிறகு ராஜபக்ச அணி ஆள் சேர்ப்பில் இறங்கியது. 225 பேர் கொண்ட சபையில் 113 தேவை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மட்டக்களப்பு எம்.பி. வியாழேந்திரன் அணி மாறிப் பிரதியமைச்சர் ஆனார். அப்போதும் எண்ணிக்கை 113ஐத் தொடவில்லை. நவம்பர் 9 இரவு சிறிசேன அடுத்த அடியை வைத்தார். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதாகவும் 2019 ஜனவரி 5 அன்று தேர்தல் என்றும் வர்த்தமானி வெளியானது. அந்த நாடாளுமன்றம் 2015 செப்டம்பர் 1 அன்று முதன்முறை கூடியது. நான்கரை ஆண்டு என்றால் 2020 மார்ச் வரை கணக்கு இருந்தது.

நவம்பர் 12 அன்று மனுக்கள் குவிந்தன. ஐக்கிய தேசியக் கட்சி, மக்கள் விடுதலை முன்னணி, முஸ்லிம் கட்சிகள், மலையகத் தமிழரை உள்ளடக்கிய தமிழ் முற்போக்குக் கூட்டணி, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்று பல தரப்பு மனுதாரர்கள். தேர்தல் ஆணையத்தின் உறுப்பினர் இரத்தினஜீவன் ஹூலும் மனுத் தாக்கல் செய்தார். தேர்தலை நடத்த வேண்டிய ஆணையத்தில் இருந்தே ஒருவர் அந்தத் தேர்தல் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் போனார். வழக்கு வரலாற்றில் நின்ற பெயர் இன்னொருவருடையது: சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்.

அடுத்த நாள் மாலையே கலைப்புக்கு இடைக்காலத் தடை வந்தது. அதற்கும் அடுத்த நாள், கூட்டும் தேதியாக முன்பே மாற்றி அறிவிக்கப்பட்டிருந்த நவம்பர் 14 அன்று, நாடாளுமன்றம் கூடியது. 122 பேர் கையெழுத்திட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக சபாநாயகர் கரு ஜயசூரிய அறிவித்தார். நடைமுறை சரியில்லை என்று ஜனாதிபதி ஏற்கவில்லை. 16ஆம் தேதி ராஜபக்ச ஆதரவு எம்.பி.க்கள் சபாநாயகரின் ஆசனத்தை மறித்துக்கொண்டார்கள். நாற்காலிகளும் புத்தகங்களும் பறந்தன, மிளகாய்த்தூள் வீசப்பட்டது. போலீஸ் பாதுகாப்போடு உள்ளே வந்த ஜயசூரிய, வேறொரு நாற்காலியில் அமர்ந்து தீர்மானத்தை மறுபடி நிறைவேற்றினார்.

தீர்மானத்தை ஏற்காத ஜனாதிபதியை எம்.பி.க்கள் பணத்தின் வழியாக மடக்கினார்கள். இலங்கை அரசியலமைப்பின்படி பொது நிதி முழுவதும் நாடாளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நவம்பர் 29 அன்று பிரதமர் அலுவலகத்துக்கான செலவை நிறுத்தும் தீர்மானம் 123க்கு 0 என்று நிறைவேறியது. மறுநாள் அமைச்சர்களுக்கான செலவும் நின்றது. 2019க்கான வரவுசெலவுத் திட்டமும் நிறைவேறவில்லை. ஜனவரி முதல் செலவழிக்கச் சட்ட அனுமதி இல்லை, அதே மாதம் 100 கோடி டாலர் சர்வதேசக் கடன் பத்திரம் ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டும். மூடிஸ், ஃபிட்ச், எஸ் அண்ட் பி மூன்றும் வரிசையாக நாட்டின் கடன் தரத்தை இறக்கின.

டிசம்பர் 3 அன்று இன்னொரு அடி விழுந்தது. எந்த அதிகாரத்தில் பிரதமராக இருக்கிறீர்கள் என்று கேட்டு 122 எம்.பி.க்கள் தொடுத்த வழக்கில், ராஜபக்சவும் அவருடைய அமைச்சர்களும் அந்தப் பதவிகளில் செயல்பட மேன்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு பிரதமர்கள் இருந்த நாட்டில் இப்போது ஒருவரும் இல்லை.

ஏழு நீதிபதிகள்

கலைப்பு வழக்கை விசாரித்தது தலைமை நீதியரசர் நளின் பெரேரா தலைமையிலான ஏழு பேர் அமர்வு. அரசுத் தரப்பின் வாதம் எளிமையானது. நாடாளுமன்றத்தைக் கூட்டவும் முடக்கவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று 33ஆவது பிரிவு சொல்கிறது. அது தனித்து நிற்கும் அதிகாரம், 70ஆவது பிரிவின் நான்கரை ஆண்டுக் கணக்கு அதைக் கட்டுப்படுத்தாது. அப்படியே தவறு என்றாலும் அதற்கு வழி பதவி நீக்கத் தீர்மானம்தான், நீதிமன்றம் அல்ல என்றும் வாதிட்டார்கள்.

டிசம்பர் 13 மாலை ஏழு பேரும் ஒருமனதாக இதை நிராகரித்தார்கள். 33 பொதுவாகச் சொல்வதை எப்போது, எப்படிச் செய்யலாம் என்று 70 வரையறுக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். தனியாக வாசித்தால் நான்கரை ஆண்டு என்ற நிபந்தனைக்குப் பொருளே இல்லாமல் போகும். பழைய மன்னர்களுக்கு இருந்ததைப் போன்ற கட்டற்ற அதிகாரம் எதுவும் ஜனாதிபதிக்கு இல்லை. அரசியலமைப்பு தந்தது மட்டுமே அவருக்கு உண்டு. சட்டத்தின் முன் சமம் என்ற 12ஆவது பிரிவின் உரிமை மீறப்பட்டது, ஆகவே கலைப்பு செல்லாது.

முந்தைய நாள்தான், ரணில் மீது நம்பிக்கை தெரிவிக்கும் தீர்மானம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் ஆதரவோடு 117 வாக்குகளில் நிறைவேறியிருந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தடையை நீக்க 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுத்தது. 15ஆம் தேதி ராஜபக்ச விலகினார்.

இங்கே சம்பந்தனின் இடத்தைக் கவனிக்க வேண்டும். 1983இல் அவர் ஆசனத்தை இழந்தபோது, நாடாளுமன்றத்தின் ஆயுளை இழுத்து நீட்டியவர் ஜனாதிபதி. கேள்வி கேட்கச் சட்டத்தில் வழி இருக்கவில்லை. 2018இல் ஆயுளை வெட்டியவர் ஜனாதிபதி. இம்முறை வழி இருந்தது, வாசலில் எதிர்க்கட்சித் தலைவராக அவரே நின்றார். அவர் 2024 ஜூன் 30 அன்று காலமானார். நிறைவேற்று ஜனாதிபதியின் எல்லை பற்றி இலங்கையில் யார் வாதாடினாலும் இன்று அவர் பெயரிலான தீர்ப்பை எடுக்க வேண்டியிருக்கிறது.

வேலி எட்டாத இடங்கள்

இதை வைத்து அரசியலமைப்பு வென்றது என்று முடித்துவிட முடியாது. சிறிசேனவுக்கு வேலி போட்டது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. அதே அளவு வாக்கு அதைப் பிடுங்கவும் போதும். 2020 அக்டோபரில் கோட்டாபய ராஜபக்ச காலத்தில் 156 வாக்குகளோடு வந்த 20ஆவது திருத்தம், இரண்டரை ஆண்டில் கலைக்கும் அதிகாரத்தையும் பிரதமரை நீக்கும் அதிகாரத்தையும் ஜனாதிபதிக்குத் திருப்பிக் கொடுத்தது. அரசியலமைப்புப் பேரவை மறுபடி போனது. ஜனாதிபதி மீது அடிப்படை உரிமை வழக்குப் போடும் வழியையும் மூடப் பார்த்தார்கள். அதற்கு மக்கள் வாக்கெடுப்பு தேவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் அந்தக் கதவு மட்டும் தப்பியது.

தப்பிய கதவு வழியாகப் பின்னர் பலர் போனார்கள். 2022 ஜூலையில் பொருளாதாரச் சரிவும் மக்கள் போராட்டமும் கோட்டாபயவை நாட்டை விட்டே விரட்டின. 2023 நவம்பரில், அந்தச் சரிவுக்குக் காரணமான முடிவுகளால் மக்களின் உரிமைகளை மீறியவர்கள் என்று கோட்டாபய, மஹிந்த, அவர்களுடைய சகோதரர் பசில் உள்ளிட்டோரை உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அறிவித்தது. கொலை வழக்கில் தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்குக் கோட்டாபய 2021இல் தந்த பொதுமன்னிப்பு 2024 ஜனவரியில் ரத்தானது. 2018இல் நீதிமன்றத்தால் பதவி திரும்பக் கிடைத்த ரணிலும் தப்பவில்லை. ஜனாதிபதியாகவும் நிதியமைச்சராகவும் இருந்தபோது 2023 உள்ளூராட்சித் தேர்தலை நடக்க விடாமல் செய்ததில் மக்களின் உரிமை மீறப்பட்டது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

வடக்கில் நிலைமை வேறு. 2013இல் முதன்முறை தேர்வான வடக்கு மாகாண சபையின் ஐந்தாண்டுக் காலம் 2018 அக்டோபர் 24 அளவில் முடிந்தது. கொழும்பில் இரண்டு பிரதமர்கள் முளைத்ததற்கு வெறும் இரண்டு நாள் முன்னால். நாடாளுமன்றத்தை மீட்க எல்லாரும் ஓடினார்கள். மாகாண சபைக்கு மறுதேர்தல் வரவில்லை. தேர்தல் முறையை மாற்றிய 2017 சட்டத்துக்கான எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றமே நிராகரித்து, புதிய சட்டமும் இயற்றாமல் விட்டது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் வடக்கையும் கிழக்கையும் நடத்தியவர்கள் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்கள். இங்கே எந்த ஜனாதிபதியும் சட்டத்தை மீறவில்லை. நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்யாமல் இருந்தாலே மத்திய அதிகாரம் அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொள்கிறது.

இன்றைய கணக்கு

2022 அக்டோபரில் 179 வாக்குகளோடு நிறைவேறிய 21ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீண்டும் உயிர்ப்பித்தது. நான்கரை ஆண்டுப் பூட்டை மட்டும் அது திரும்பக் கொண்டுவரவில்லை. இரண்டரை ஆண்டு கழிந்தால் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். சிறிசேன 2018 நவம்பரில் செய்தது, மூன்று ஆண்டுகள் கடந்த சபை என்பதால், இன்றைய சட்டப்படி செல்லுபடியாகியிருக்கும்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா சொன்னார்; 2005இல் மஹிந்தவும் சொன்னார். அநுர குமார திசாநாயக்கவும் 2024இல் அந்த வாக்குறுதியோடுதான் ஜனாதிபதி ஆனார். அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் 225இல் 159 இடங்களைப் பிடித்தது. அரசியலமைப்பைத் திருத்தத் தேவையான 150ஐ விட அது ஒன்பது அதிகம்.

ஆகவே அடுத்த திருத்த மசோதா எப்போது வந்தாலும், அதன் முன்னுரையில் இருக்கும் நல்ல வார்த்தைகளை விட்டுவிட்டு நான்கு இடங்களை வாசகர்கள் தேடிப் பார்க்கலாம். சபையை எப்போது கலைக்கலாம், பிரதமரை யார் நீக்கலாம், நீதிபதிகளை யார் நியமிக்கிறார்கள், ஜனாதிபதி மீது குடிமகன் வழக்குப் போட முடியுமா. 2018இல் முடிவைத் தீர்மானித்தவை அவைதான்.